ஆர்.வி.யில் குடித்தனம்: தபால், டாக்டர், பேங்க், மளிகை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் கணவரும் அமெரிக்காவில் வீட்டைக் காலி செய்துவிட்டு ஆர்.வி.யில் குடியேறியவர்கள். ஆர்.வி. என்றால் படுக்கை, அடுப்படி, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. எங்களுடையது டிரெய்லர் வகை, முன்னால் ஒரு பிக்கப் டிரக் இழுத்துக்கொண்டு போகும். கூடவே ஒரு நாய். இரண்டு பேருக்கும் லேப்டாப்பிலேயே முடிகிற வேலை. இப்படி இருக்கிறோம் என்று தெரிந்தவுடன் யாரும் கிராண்ட் கேன்யனைப் பற்றிக் கேட்பதில்லை, "லெட்டர் எங்கே வரும், பல் வலித்தால் எங்கே போவீர்கள்" என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இந்த நாட்டில் எந்த ஆபீஸ் படிவத்தை எடுத்தாலும் நீங்கள் வருடம் முழுக்க ஒரே கதவுக்குப் பின்னால் இருப்பீர்கள் என்று நினைத்துத்தான் அச்சடித்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸாப்பில் தட்டுவதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

சரி, உங்கள் அட்ரஸ்தான் என்ன?

சட்டப்படி டெக்சாஸ். அங்கே எங்களுக்கு வீடு கிடையாது, ஆனால் லைசென்ஸ், வண்டிப் பதிவு, ஓட்டு, வரி எல்லாம் அங்கேதான். முழுநேர ஆர்.வி.காரர்கள் பெரும்பாலும் டெக்சாஸ், ஃப்ளோரிடா, சவுத் டகோட்டா இந்த மூன்றில் ஒன்றில்தான் பதிந்திருப்பார்கள். மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை, மூன்றிலும் நாடோடிகளுக்கென்றே தபால் வாங்கிவைக்கும் சேவைகள் இருக்கின்றன. டெக்சாஸின் லிவிங்ஸ்டன் என்ற சின்ன ஊரில் எஸ்கேப்பீஸ் என்று ஓர் ஆர்.வி. சங்கம் இருக்கிறது. 1978-ல் ஆரம்பித்தது, அதன் தபால் சேவையை நம்பி இருப்பவர்கள் ஏராளம்.

சவுத் டகோட்டாவில் ஒரு ராத்திரி ஹோட்டலிலோ கேம்ப்கிரவுண்டிலோ தங்கிய ரசீதும் அங்கே ஒரு தபால் முகவரியும் இருந்தால் லைசென்ஸ் வாங்கலாம் என்பது பிரபலம். வண்டி வாங்கும்போது கட்டும் வரியும் அங்கே 4 சதவீதம்தான், டெக்சாஸில் 6.25, ஃப்ளோரிடாவில் 6. எடையையும் பாருங்கள். வண்டி 26,000 பவுண்டைத் தாண்டினால் டெக்சாஸில் சாதாரண கார் லைசென்ஸ் போதாது, தனி வகுப்பு லைசென்ஸ் எடுக்க வேண்டும். பெரிய பஸ் மாதிரி மோட்டார்ஹோம் வாங்குகிறவர்கள் இதை வாங்கிய பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

எல்லோரும் வரியைப் பார்த்து மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் மருத்துவ இன்சூரன்ஸைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அது கீழே வருகிறது.

அந்த அட்ரஸுக்கு வருகிற தபால் உங்கள் கைக்கு எப்படி வரும்?

பெரும்பாலும் வருவதே இல்லை, படம்தான் வரும். தபால் சேவைக்காரர்கள் கவரின் முன்பக்கத்தை ஸ்கேன் செய்து ஏற்றிவிடுவார்கள். போனில் பார்த்து, பிரித்து உள்ளே இருப்பதை ஸ்கேன் செய்யவா, கிழித்துப் போடவா, சேர்த்து வைக்கவா என்று நாம் சொல்ல வேண்டியதுதான். பத்தில் எட்டு கிழிக்க வேண்டியவைதான். மிச்சத்தை ஒரு பெரிய கவரில் போட்டு, நாம் அப்போது இருக்கும் ஊருக்கு அனுப்பச் சொல்லலாம்.

சேருவதற்கு முன் தபால் துறையின் 1583 படிவத்தை நிரப்பி, இரண்டு அடையாள அட்டைகளோடு நோட்டரி முன் கையெழுத்துப் போட வேண்டும். கணவன், மனைவி இரண்டு பேருக்கும் இது வேண்டும். இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லாதது: இந்தச் சேவையை விட்டு விலகினால், சாதாரண வீடு மாதிரி தபால் ஆபீஸில் முகவரி மாற்றம் எழுதிக்கொடுக்க முடியாது. அந்தக் கம்பெனிதான் ஆறு மாதத்துக்கு உங்கள் தபாலைத் திருப்பி அனுப்பும். ஆகவே அடிக்கடி மாற்றாமல் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

நடுவழியில் இருக்கும்போது ஒரு பார்சல் வேண்டுமென்றால்?

ஜெனரல் டெலிவரி. ரொம்பப் பழைய ஏற்பாடு, இன்னும் உயிரோடு இருக்கிறது. கவரில் உங்கள் பெயர், அடுத்த வரியில் 'ஜெனரல் டெலிவரி', அப்புறம் ஊர், மாநிலம், ஜிப் கோடு, அதன் பின்னால் ஒரு கோடு போட்டு 9999. அந்த ஊர் தபால் ஆபீஸ் எடுத்து வைத்திருக்கும், போட்டோ அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். காசு கிடையாது. 30 நாளுக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள்.

அனுப்புவதற்கு முன் அந்த ஆபீஸுக்கே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பெரிய ஊரில் எல்லாக் கிளையும் இதைச் செய்யாது. சின்ன ஊரில் மத்தியானம் சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், சனிக்கிழமை இரண்டு மணி நேரம் திறந்தாலே பெரிது. ஆனால் அந்தச் சின்ன ஊர் அம்மாக்கள் மாதிரி யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். கவுன்டரில் பெயரைச் சொல்வதற்குள் "ஓ, அந்தக் கனமான பெட்டி உன்னுடையதா?" என்று உள்ளே போவார்கள். நம் பெயரின் நீளத்துக்கு மறக்கவும் முடியாதே.

யு.பி.எஸ்., ஃபெடெக்ஸ் போன்ற தனியார் கூரியர் பார்சல்களுக்கு ஜெனரல் டெலிவரி ஒத்துவராது. அவர்களுடைய பிக்கப் பாயின்ட்கள் உண்டு, பல ஊர்களில் வால்கிரீன்ஸ், டாலர் ஜெனரல் கடைகளிலேயே வாங்கிக்கொள்ளலாம். அமேசானுக்கு லாக்கர், ஆனால் மூன்றே நாள்தான் வைத்திருக்கும். வண்டி ரிப்பேராகி வழியில் ஒரு நாள் நின்றாலே பார்சல் திரும்பிப் போய்விடும், அதனால் ஊருக்குள் வந்து சேர்ந்த பிறகு ஆர்டர் போடுவதுதான் புத்திசாலித்தனம். ஆர்.வி. பார்க் ஆபீஸில் வாங்கிவைப்பார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். சிலர் காசு கேட்பார்கள், சிலர் முடியவே முடியாது என்பார்கள்.

பேங்க் அக்கவுண்ட்?

இதுதான் எரிச்சலான விஷயம். 2001-ல் வந்த பேட்ரியட் சட்டத்துக்குப் பிறகு, கணக்கு வைத்திருப்பவர் உண்மையில் குடியிருக்கும் முகவரி பேங்குக்கு வேண்டும். தபால் சேவை முகவரியைப் போட்டால் அவர்கள் கம்ப்யூட்டர் அது கடை என்று கண்டுபிடித்துவிடும். எங்களுக்கு ஒரு பேங்கில் கார்டையே நிறுத்திவிட்டார்கள், அதுவும் டீசல் போடும் இடத்தில் நிற்கும்போது.

பலருக்குத் தெரியாத ஒன்று: குடியிருப்பு முகவரி இல்லாதவர் நெருங்கிய உறவினர் அல்லது தொடர்புக்குரிய இன்னொருவரின் வீட்டு முகவரியைக் கொடுக்கலாம் என்று அந்த விதியே சொல்கிறது. கிளையில் நேரில் உட்கார்ந்து, நாங்கள் முழுநேரம் ஆர்.வி.யில் இருக்கிறோம், இது என் அண்ணன் வீடு, தபால் மட்டும் இந்த முகவரிக்கு அனுப்புங்கள் என்று சொன்னால் முடிகிறது. போனில் சொன்னால் முடிவதில்லை. மறைத்து ஏதாவது முகவரியைக் கொடுப்பதுதான் பின்னால் வம்பு.

கூடவே, செல்போன் நம்பர் உண்மையான செல் கம்பெனி நம்பராக இருக்கட்டும். இன்டர்நெட் நம்பர்களுக்குப் பல பேங்குகள் ஓ.டி.பி. அனுப்புவதில்லை. கார்டு காலாவதியாகும் மாதத்தைக் காலண்டரில் குறித்துவைத்து, இரண்டு மாதம் முன்பே அது எந்த ஊருக்கு வர வேண்டும் என்று யோசித்துவிட வேண்டும்.

நான் எச்-1பி-யில் இருக்கிறேன். இப்படி வாழலாமா?

வேண்டாம். விடுமுறைக்கு வாடகை ஆர்.வி. எடுங்கள், குடியேறாதீர்கள். எச்-1பி என்பது கம்பெனி மூலம் கிடைக்கும் வேலை விசா, ஒரு குறிப்பிட்ட வேலை இடத்தோடு கட்டப்பட்டது. அந்த நகர வட்டாரத்தைத் தாண்டி வேலை இடம் மாறினால் கம்பெனி திருத்திய மனு போட வேண்டும் என்பது 2015-ல் சிமியோ வழக்கின் முடிவிலேயே தெளிவாகிவிட்டது. இன்று யூட்டா, அடுத்த வாரம் நெவாடா என்றால் எந்தக் கம்பெனி வக்கீலும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டு இல்லை. ஆனால் முகவரி மாறினால் 10 நாளுக்குள் ஏ.ஆர்.-11 படிவம் மூலம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி அவர்களுக்கும் உண்டு. கேம்ப்கிரவுண்ட் மாறும்போதெல்லாமா என்றால், கிளம்புவதற்கு முன்பே ஒரு குடியேற்ற வக்கீலிடம் உட்கார்ந்து கேட்டு அவர் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் அதற்கு முந்தைய மூன்று மாதம் ஒரே மாநிலத்தில் இருந்திருக்க வேண்டும். அந்த வருடம் ஊர் சுற்றலைக் குறைத்துக்கொள்வதுதான் நல்லது.

இந்திய பாஸ்போர்ட் புதுப்பிப்பது, ஓ.சி.ஐ.?

நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்ததல்ல, எங்கே குடியிருப்பதாகப் பதிவு என்பதைப் பொறுத்தது. டெக்சாஸ் என்றால் ஹூஸ்டன் தூதரகம், ஃப்ளோரிடா என்றால் அட்லாண்டா. விண்ணப்பம், தூதரகத்துக்காக அவற்றை வாங்கும் வி.எஃப்.எஸ். கம்பெனி வழியாகத் தபாலில் போகும், திரும்பி வரும் பாஸ்போர்ட்டுக்கு ஒரு நிலையான முகவரி தேவை. அந்த ஒரு மாதத்துக்கு ஹூஸ்டன் பக்கம் நண்பர் வீட்டு அருகில் வண்டியைப் போட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டை மட்டும் ஜெனரல் டெலிவரியில் வரவழைக்க எனக்குத் துணிவில்லை.

உடம்புக்கு ஏதாவது என்றால் எந்த டாக்டரிடம் போவீர்கள்?

இரண்டு விதமான டாக்டர் வேலை இருக்கிறது. காய்ச்சல், காதுவலி, கையைக் கீறிக்கொண்டது என்றால் எந்த ஊரிலும் அர்ஜென்ட் கேர் இருக்கும், போய் உட்கார்ந்தால் பார்ப்பார்கள். வருடாந்தரப் பரிசோதனை, மேமோகிராம், கொலோனாஸ்கோபி, கண், தோல் என்று பின்தொடர வேண்டியவையெல்லாம் வேறு. இவற்றை ஊருக்கு ஊர் சிதறவிட்டால் கதை கந்தல்தான். நாங்கள் எல்லாவற்றையும் ஒரே ஊரில், இலையுதிர் காலத்தில், ஒரே மூச்சில் முடித்துவிடுகிறோம். கணவர் அதற்கு 'சர்வீஸ் மாதம்' என்று பெயர் வைத்திருக்கிறார், டிரக்குக்கும் எங்களுக்கும் சேர்த்து.

இதற்கு இடைவெளிக் கணக்கு முக்கியம். பல்லுக்குக் கிரவுன் போட வேண்டும் என்று வையுங்கள். முதல் நாள் பல்லைத் தேய்த்துத் தற்காலிக மூடி போடுவார்கள், நிரந்தரமானது வர இரண்டு வாரம் ஆகும். பல அரசுப் பூங்காக்களில் 14 நாள்தான் தங்கலாம், மத்திய அரசின் பி.எல்.எம். நிலங்களிலும் பொதுவாக 28 நாளில் 14 நாள்தான். பதினைந்தாவது நாள் டாக்டர் கூப்பிட்டால் நீங்கள் அந்த இடத்தில் இருக்க முடியாது. அதனால் சர்வீஸ் மாதத்துக்கு மட்டும் தனியார் ஆர்.வி. பார்க்கில் மாத வாடகைக்கு இடம் எடுத்துவிடுவோம். தினசரி வாடகையோடு ஒப்பிட்டால் மாத வாடகை வெகுவாகக் குறையும்.

அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போது ரிசப்ஷனில் நிலவரத்தை அப்படியே சொல்லிவிடுங்கள்: இந்தத் தேதி வருகிறோம், இந்தத் தேதி கிளம்புகிறோம், இடையில் யாராவது கேன்சல் செய்தால் கூப்பிடுங்கள், அரை மணியில் வந்துவிடுவோம். கேன்சல் பட்டியலில் நம்மைப் போலப் பக்கத்திலேயே நிற்கிறவர்களுக்குச் சீக்கிரம் கிடைக்கும். ரத்தப் பரிசோதனையை மாதத்தின் முதல் நாளே கொடுத்துவிட்டால், ரிசல்ட் பார்த்துத் திரும்பக் கூப்பிட அவர்களுக்கும் நேரம் இருக்கும். முடிந்தவரை மைசார்ட் என்ற நோயாளி ரெக்கார்டு ஆப்பை உபயோகிக்கும் ஆஸ்பத்திரியாகப் பாருங்கள். வேறு ஊரில் அதே சாஃப்ட்வேர் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பழைய ரிப்போர்ட்டை இழுத்துப் பார்க்கலாம்.

வீடியோவில் டாக்டரைப் பார்த்தால் போதாதா?

பாதி தூரம் போகும். ஆனால் வீடியோவில் பார்க்கும் டாக்டருக்கு, அந்த நிமிடம் நீங்கள் உட்கார்ந்திருக்கும் மாநிலத்தில் லைசென்ஸ் இருக்க வேண்டும். முதல் கேள்வியே "இப்போது எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள்?" என்றுதான் வரும். டெக்சாஸ் டாக்டரை மொன்டானாவிலிருந்து கூப்பிட்டால், அவருக்கு மொன்டானா லைசென்ஸ் இல்லையென்றால் பார்க்க மாட்டார்.

இன்சூரன்ஸ்?

மாநிலத்தை இதை வைத்துத் தேர்ந்தெடுங்கள் என்று சொன்னேனே, காரணம் இதுதான். மார்க்கெட்பிளேஸ் என்ற அரசு இன்சூரன்ஸ் சந்தையில் வாங்கும் தனிநபர் பிளான்கள் நீங்கள் பதிந்திருக்கும் கவுன்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) உரியவை. குறிப்பிட்ட டாக்டர்களிடம் மட்டும் செல்லும் எச்.எம்.ஓ. வகை என்றால் வெளி மாநிலத்தில் எமர்ஜென்சி மட்டும்தான். சவுத் டகோட்டா முகவரி வைத்துக்கொண்டு வருடம் முழுக்க அரிசோனாவில் இருப்பவர், மூட்டு வலிக்கு டாக்டர் பார்க்க ஆயிரம் மைல் ஓட்ட வேண்டியிருக்கும். ஃப்ளோரிடாவில் ப்ளூ கிராஸ் பிளான்கள் சில வெளி மாநில நெட்வொர்க்கிலும் செல்லும் என்பதால் 65 வயதுக்குக் கீழே உள்ள பலர் அங்கே பதிகிறார்கள். ஆபீஸ் மூலம் நாடு முழுக்கச் செல்லும் பி.பி.ஓ. வகை பிளான் இருந்தால் இந்தக் கவலை இல்லை, எங்களுக்கு அப்படித்தான். 65 தாண்டியவர்களுக்கு அரசே தரும் பழைய அசல் மெடிகேர் இன்சூரன்ஸ் எந்த மாநிலத்திலும் செல்லும். மெடிகேர் அட்வான்டேஜ் என்று டிவியில் விளம்பரம் வரும் தனியார் கம்பெனி பிளான் பெரும்பாலும் உள்ளூர் நெட்வொர்க்தான், ஊர் சுற்றுகிறவர்கள் அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

தினசரி மாத்திரைகள்?

நாடு முழுக்கக் கிளை உள்ள ஒரே ஃபார்மசியில் வாங்குங்கள், சி.வி.எஸ்., வால்கிரீன்ஸ், வால்மார்ட் எதுவானாலும் சரி. பிரஷர் மாத்திரை, தைராய்டு மாத்திரை எல்லாம் 90 நாளுக்கு ஒருமுறையாக எழுதி வாங்கிவிடலாம். அடுத்த ஊர்க் கிளைக்கு ஆப்பிலேயே மாற்றிக்கொள்ளலாம். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள் (ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவுக் கோளாறுக்கான மாத்திரை, வலுவான வலிநிவாரணி) வேறு கதை. அவற்றில் கடுமையான வகைக்கு ரீஃபில் கிடையாது, ஒவ்வொரு முறையும் புது மருந்துச் சீட்டு வேண்டும், வெளி மாநிலச் சீட்டு என்றால் சில கடைகள் முகத்தைச் சுளிப்பார்கள். அந்த மருந்து சாப்பிடுபவர் பாதையை அதற்குத் தகுந்தபடி போட வேண்டும்.

பல் டாக்டர் செலவு?

குளிர்காலத்தில் அரிசோனாவின் யூமா பக்கம் போகிறவர்கள் எல்லை தாண்டி மெக்சிகோவின் லாஸ் அல்கோடோனஸ் ஊருக்கு நடந்தே போகிறார்கள். தெருவுக்குத் தெரு பல் கிளினிக், கண்ணாடிக் கடை, மருந்துக் கடை. நம் ஊர் மாதிரி வாசலில் ஆள் நின்று கூப்பிடுவார். அமெரிக்கப் பக்கத்தில் காசு கொடுத்து வண்டியை விட்டுவிட்டுப் போகலாம். இந்திய பாஸ்போர்ட் என்றாலும் கிரீன் கார்டோ செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ இருந்தால் மெக்சிகோ விசா தேவையில்லை. சீசனில் மத்தியானத்துக்கு மேல் திரும்பும் வரிசை நீளும், காலையிலேயே போய்விடுங்கள். கிளீனிங், சின்ன அடைப்பு என்றால் நான் போவேன். இம்பிளான்ட் போல நாலைந்து முறை போய்வர வேண்டிய வேலைக்கு, பின்னால் தொந்தரவு வந்தால் யார் பார்ப்பார் என்று யோசித்துவிட்டுப் போங்கள்.

அவசரத்துக்கு 911 கூப்பிட்டால் இடத்தைக் கண்டுபிடிப்பார்களா?

கேம்ப்கிரவுண்ட் பெயரும் சைட் நம்பரும் சொன்னால் கண்டுபிடிப்பார்கள். ஆகவே புது இடத்தில் வண்டியை நிறுத்தியவுடன் மூன்று விஷயத்தை ஒரு சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுகிறோம்: இடத்தின் முழு முகவரி, சைட் நம்பர், கவுன்டியின் பெயர். கவுன்டி எதற்கு? சூறாவளி எச்சரிக்கையை ரேடியோவில் கவுன்டி பெயர் சொல்லித்தான் படிப்பார்கள். ஓக்லஹோமாவில் ராத்திரி இரண்டு மணிக்கு மூன்று கவுன்டி பெயரை வாசிக்கும்போது அதில் ஒன்று நம்முடையதா என்று தெரியாமல் முழிப்பது நன்றாக இருக்காது.

நேர மண்டலம் குழப்பாதா?

குழப்பும், அதுவும் அரிசோனாவில் தலை சுற்றும். அந்த மாநிலம் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் நவஹோ பழங்குடியினர் நிலம் மாற்றும், நவஹோ நிலத்துக்கு நடுவில் இருக்கும் ஹோப்பி பழங்குடியினர் நிலம் மாற்றாது. நவஹோ ஊரான டூபா சிட்டியும் ஹோப்பி ஊரான மோயன்கோபியும் சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான், கோடையில் ஒரு மணி நேரம் வித்தியாசம். போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும், சாப்பிட்டுவிட்டு நிமிர்வதற்குள் மாறிவிடும். சவுத் டகோட்டாவும் இரண்டாகப் பிரிந்ததுதான், சூ ஃபால்ஸ் ஒரு நேரம், ராபிட் சிட்டி ஒரு மணி பின்னால்.

அப்பாயின்ட்மென்ட் கொடுப்பவரிடம் "இப்போது உங்கள் கடிகாரத்தில் மணி என்ன?" என்று கேட்டுவிடுங்கள். அசட்டுக் கேள்விதான், ஆனால் அந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் சிரிப்பதில்லை. காலண்டரில் ஊர்ப் பெயரோடு குறியுங்கள். இந்தியாவுக்குப் போன் செய்யும் நேரத்தை மட்டும் அம்மாவே பார்த்துக்கொள்கிறார், தூங்கப் போகும் முன் கூப்பிட்டுவிடுவார்.

வீடே ரிப்பேருக்குப் போனால் எங்கே தூங்குவீர்கள்?

நல்ல கேள்வி, பதில் அவ்வளவு நன்றாக இருக்காது. டீலர் கடைகள் தங்களிடம் வாங்கியவர்களுக்கே முன்னுரிமை தருவார்கள். கோடையில் வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்வார்கள். ஒரு கடையில் எங்கள் டிரெய்லரை உள்ளே வாங்கிப் போட்டுவிட்டு, பாகம் வரவில்லை என்று சொல்லித் தொடாமலேயே வைத்திருந்தார்கள். அதன் பிறகு, பாகம் கையில் வந்துவிட்டதா என்று கேட்காமல் வண்டியை உள்ளே விடுவதில்லை. சில கடைகள் ராத்திரி அவர்கள் வாசலிலேயே கரண்ட் கொடுத்துத் தூங்க விடுவார்கள், இதையும் முன்பே கேளுங்கள்.

முடிந்தவரை இடத்துக்கே வந்து பார்க்கும் மொபைல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மணிக் கூலி அதிகம், ஆனால் ஹோட்டல் செலவு மிச்சம். தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜ் போர்டு, கூரை ஓட்டை எல்லாம் அவர்கள் அரை நாளில் முடிப்பார்கள்.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்.வி. டயர் தேய்ந்து போவதை விட வயதாகி வெடிப்பதுதான் அதிகம். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துக்குப் பின்னால் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள், 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் ஆகிவிட்டால் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது. கடையில் புதிதாக மாட்டும்போதும் இந்த எண்ணைப் படித்துவிட்டே காசு கொடுங்கள். இன்சூரன்ஸும் முழுநேரக் குடியிருப்புக்கான பாலிசியாக இருக்கட்டும், வார இறுதிப் பயணத்துக்கான பாலிசியில் குடியிருந்தால் கிளைம் வரும்போது தகராறு வரும்.

துணி துவைப்பது?

லாண்ட்ரோமேட். செவ்வாய், புதன் காலையில் போங்கள், ஞாயிறு சாயங்காலம் வேண்டவே வேண்டாம். நாலு மெஷினில் ஒரே நேரத்தில் போட்டால் ஒன்றரை மணியில் இரண்டு வாரத் துணி முடிந்துவிடும், வீட்டில் ஒரு நாள் முழுக்க இழுக்கும் வேலை. கேம்ப்கிரவுண்ட் மெஷின்கள் இன்னும் பல இடத்தில் குவார்ட்டர் எனப்படும் 25 சென்ட் நாணயம்தான் கேட்கும். பேங்கில் 10 டாலர் ரோல் கேட்டு வாங்கி வைத்திருங்கள், 40 நாணயம் இருக்கும். பட்டுப் புடவை இரண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தை அண்ணி வீட்டு பீரோவில் விட்டுவிட்டேன்.

மளிகை? சாம்பார் பொடிக்கு எங்கே போவீர்கள்?

பெரிய நகரம் வரும்போதெல்லாம் இந்தியன் கடை. டல்லாஸ், ஃபீனிக்ஸ், அட்லாண்டா பக்கம் எதற்கும் குறையில்லை. வயோமிங், மொன்டானாவில் நுழைந்துவிட்டால் அடுத்த கறிவேப்பிலை எப்போது என்று சொல்ல முடியாது. கறிவேப்பிலையைக் கழுவி ஈரம் போகத் துடைத்து ஃபிரீசரில் போட்டுவிடுகிறேன், வாசம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. துவரம் பருப்பு, உளுந்து, புளி, பெருங்காயம் இரண்டு மாதத்துக்கு இருக்கும். காய்கறி, பால், தயிர் வால்மார்ட்டில் போனிலேயே ஆர்டர் போட்டு, வாசலில் வண்டியை நிறுத்தி வாங்கிக்கொள்வதுதான், தெரியாத கடையில் தக்காளியைத் தேடி அலைய வேண்டாம்.

மாவு அரைக்கச் சின்ன டேபிள்டாப் கிரைண்டர் இருக்கிறது, கரண்ட் ரொம்ப இழுக்காது. இழுப்பது ஏ.சி.யும் இண்டக்ஷன் அடுப்பும்தான். 30 ஆம்பியர் இணைப்பில் மொத்தமே 3,600 வாட், இரண்டையும் போட்டுவிட்டு மைக்ரோவேவைத் தட்டினால் வீடு இருட்டு. அதனால் கேஸ் அடுப்பில்தான் பெரும்பாலும் சமையல். குக்கர் இல்லாமல் மலைக்குப் போகாதீர்கள். கொலராடோவின் லெட்வில் பத்தாயிரம் அடிக்கு மேலே, தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பு வேகும் வரை காத்திருந்தால் ராத்திரி ஆகிவிடும்.

தண்ணீர், கழிவுத் தொட்டி?

பார்க்கில் குழாய் இணைப்பு இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் கழிவைக் கொட்டும் இடமான டம்ப் ஸ்டேஷன். பைலட், லவ்ஸ் போன்ற டிரக் நிறுத்தங்கள் சிலவற்றில் இருக்கும். கையுறை போடுங்கள். அவ்வளவுதான், எல்லோரும் நினைக்கும் அளவுக்கு அது பெரிய விஷயமே இல்லை.

அவ்வளவு பெரிய வண்டியோடு பேங்குக்கும் டாக்டருக்கும் எப்படிப் போவது?

போவதில்லை. டிரெய்லரைக் கழற்றிவிட்டு டிரக்கில் போகிறோம். மோட்டார்ஹோம்காரர்கள் பின்னால் ஒரு சின்னக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள்.

இன்டர்நெட்?

ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணைப்பு ஒன்று, வேறு வேறு கம்பெனி செல் இணைப்பு இரண்டு. மரத்தடி கிடைத்தால் நிழல் இருக்கும், ஸ்டார்லிங்க் இருக்காது. பிரிண்ட், ஸ்கேன், அமைதியாக ஒரு மீட்டிங் என்றால் ஊர் நூலகம். இந்த நாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த அரசுக் கட்டடம் அதுதான். நோட்டரியும் சில நூலகங்களில் கிடைக்கும், இல்லையென்றால் யு.பி.எஸ். கடை.

ஓட்டு, ஜூரி, வண்டிப் பரிசோதனை?

பதிந்திருக்கும் மாநிலத்தில்தான் எல்லாம். தபால் சேவை முகவரியில் வாக்காளராகப் பதிவது இப்போது கொஞ்சம் இறுகிவிட்டது, சவுத் டகோட்டா 2023-ல் 30 நாள் வசிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. ஜூரி அழைப்பு வந்தால் அலட்சியம் செய்யாமல் தேதி தள்ளிவைக்கக் கேளுங்கள், பொதுவாகத் தருவார்கள். டெக்சாஸில் தனிப்பட்ட வண்டிகளுக்கான வருடாந்தரப் பாதுகாப்புப் பரிசோதனை 2025 ஜனவரியோடு போய்விட்டது, சில கவுன்டிகளில் புகைப் பரிசோதனை மட்டும் உண்டு. முன்பெல்லாம் இதற்காகவே ஒரு பயணம் திட்டமிட வேண்டியிருந்தது, இப்போது நிம்மதி.

நாய்க்கு?

ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழைப் போனிலும் காகிதத்திலும் வைத்திருங்கள், பல பார்க்குகள் கேட்கும், கனடா எல்லையிலும் கேட்பார்கள். நாடு முழுக்கக் கிளை உள்ள மிருக ஆஸ்பத்திரி ஒன்றில் பதிந்துவிட்டால் ரெக்கார்டு கூடவே வரும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால்?

வந்தார்கள். விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி எங்கே தங்குவீர்கள் என்று கேட்பார், "வண்டியில்" என்று சொல்லவிட வேண்டாம். முதல் வாரம் அண்ணன் வீட்டில் தங்கவைத்து அந்த முகவரியைத்தான் கொடுத்தோம். அப்புறம் கூட வந்தபோது, கேபின் உள்ள கேம்ப்கிரவுண்டாகப் பார்த்து எங்கள் சைட்டுக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கு ஒன்று எடுத்தோம், கே.ஓ.ஏ. என்ற கேம்ப்கிரவுண்ட் கம்பெனியின் பார்க்குகளில் இது சுலபம். கேபின் சிலவற்றில் குளியலறை இருக்காது, ராத்திரி இரண்டு முறை எழுந்திருக்கும் வயதில் அது சரிப்படாது, புக் செய்யும்போதே கேளுங்கள். பார்வையாளர் இன்சூரன்ஸ் எடுத்துவிடுங்கள், முன்பே இருக்கும் நோய்க்கு அதில் எவ்வளவு செல்லும் என்று படித்துப் பாருங்கள். மாத்திரைகளை அவர்கள் தங்கும் காலத்துக்கும் ஒரு மாதம் கூடுதலாகவும் டாக்டர் சீட்டோடு ஊரிலிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள், இங்கே அதே மாத்திரைக்குச் சீட்டு வாங்க அர்ஜென்ட் கேரில் அரை நாள் போகும்.